ஒரே அணைக்கட்டு, கடைமடைத் தண்ணீர்: ஒரு சிக்கன சிம்மையும் அதன் தாய் நெட்வொர்க்கையும் ஒப்பிட்ட நிகழ்வு ஆய்வு

கல்லிடைக்குறிச்சியில் வராகப் பெருமாள் கோயிலுக்கு நான்கு தெரு தள்ளிக் குடியிருக்கும், காலஞ்சென்ற என் நண்பரின் மனைவி (நான் மதினி என்று அழைப்பவர்), 2025 அக்டோபர் 5ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆற்றுப் பாலத்தைத் தாண்டி அம்பாசமுத்திரத்திலுள்ள என் வீட்டுக்குக் கைபேசியும் கையுமாக வந்தார். தொலைபேசித் துறையில் முப்பது ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், தெரிந்தவர்கள் வீட்டுக் கைபேசிக்கு என்ன நேர்ந்தாலும் அது என் திண்ணைக்கு வந்து சேர்வது வழக்கம். பெரும்பாலும் சார்ஜர் வயர் பழுது, இல்லையென்றால் பேரப்பிள்ளைகளின் வீடியோக்களால் போன் நிரம்பிப்போனது என்ற அளவில் விஷயம் முடிந்துவிடும். இது அப்படி முடியவில்லை.

“அண்ணாச்சி, புரட்டாசி பொறந்ததுல இருந்து சனிக்கிழமை ஆச்சுன்னா இந்த போன் உசுர எடுக்கு. பேரன் மேளம் அடிக்கதக் காட்டுதேன்னு மக கூப்பிடுதா. படம் அப்படியே நின்னு போகுது. கோயில்ல கூட்டம், டவர் தாங்கல போல. பேசாம வேற சிம் மாத்திரட்டுமா?”

மகள் இருப்பது அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், டல்லாஸ் நகருக்கு அருகே. பேரன் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறான். பள்ளியின் அணிவகுப்பு இசைக்குழுவில் டிரம் வாசிக்கிறான். அந்த ஊரில் ஆகஸ்ட் கடைசி முதல் நவம்பர் வரை வெள்ளிக்கிழமை இரவுகளில் பள்ளிகளுக்கிடையே அமெரிக்கக் கால்பந்தாட்டம் நடக்கும். ஆட்டத்தின் இடைவேளையில் இசைக்குழு மைதானத்தில் இறங்கி வாசிக்கும். கோடைக் காலக் கணக்கில் டெக்சஸ் நமக்குப் பத்தரை மணி நேரம் பின்னால் இருப்பதால், அங்கே வெள்ளி இரவு எட்டரை மணி என்பது இங்கே சனிக்கிழமை காலை ஏழு மணி. பாட்டி காபி டம்ளரோடு உட்கார்ந்து பேரனைப் பார்க்க வேண்டிய நேரம் அது. பார்த்ததோ, ஓங்கிய கம்பு ஓங்கியபடியே நிற்கும் ஒரு படத்தையும், அதன் கீழே சுழன்றுகொண்டிருந்த ‘மீண்டும் இணைக்கிறது’ என்ற வரியையும்தான்.

அவருடைய ஊகத்தைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் பெருமாள் கோயில் தெருக்களில் ஆள் நெரிசல் உண்டு. ஓர் இடத்தில் ஆயிரக்கணக்கான கைபேசிகள் ஒரே டவரைப் பற்றிக்கொண்டால் சிக்னல் கோடுகள் நிறைந்திருந்தாலும் டேட்டா திணறும் என்பது உண்மை. நோயை அவர் சரியாகவே பெயர் சொல்லிக் குறித்திருந்தார். நோய் எந்த ஊரில் என்பதில்தான் சந்தேகம் இருந்தது.

எனவே முதலில் கைபேசியின் நினைவைக் கேட்டேன். மனிதரின் நினைவை அதற்குப் பிறகுதான் கேட்க வேண்டும் என்பது துறையில் கற்ற பாடம். வாட்ஸ்அப் அழைப்புப் பட்டியலைப் பின்னோக்கி நகர்த்தியபோது, செப்டம்பர் 27இலும் 20இலும் மகளின் அழைப்புகள் இரண்டு நிமிடம், ஒரு நிமிடம், நாற்பது நொடி என்று துண்டு துண்டாக இருந்தன. அது அவர் சொன்னதோடு ஒத்துப்போனது. ஆனால் செப்டம்பர் 13இலும் 6இலும் அதே துண்டுகள் இருந்தன. அவை ஆவணிச் சனிக்கிழமைகள். அன்று கோயிலில் விசேஷக் கூட்டம் ஏதும் இல்லை. அதைவிடப் பெரிய முரண் முந்தின நாள் பதிவில் இருந்தது. அக்டோபர் 4 புரட்டாசி மூன்றாம் சனி. ஐந்து வாரங்களில் கூட்டம் மிகுந்த நாள் எதுவென்றால் அதைத்தான் சொல்ல வேண்டும். அன்று காலை ஏழு மணிக்கு வந்த அழைப்பு முப்பத்தொரு நிமிடம் அறுபடாமல் நீடித்திருந்தது. கேட்டபோது, “ஆமா, நேத்து நல்லாத்தான் இருந்துச்சு. அவனுக்கு ஆட்டம் இல்லையாம், வீட்ல இருந்து பேசினா” என்றார், அது ஒரு பொருட்டே அல்ல என்பதுபோல.

கூட்டம் இருந்த நாளில் நன்றாக இருந்து, கூட்டம் இல்லாத நாள்களில் கெட்டுப்போன ஓர் இணைப்புக்குக் கோயிலைக் காரணம் காட்ட முடியாது. அன்று மாலை மகளிடம் பேசினேன். கைபேசி என்ன மாதிரி, எத்தனை மணிக்கு, எந்தப் பக்கத்து இருக்கையில் என்றெல்லாம் கேட்டு, ஐந்தாவது கேள்வியாகத்தான் எந்த நிறுவனத்தின் சிம் என்று கேட்டேன். இரண்டு ஆண்டுகளாக ஒரு சிக்கன நிறுவனத்தின் இணைப்பில் இருப்பதாகவும், கணவருக்கு அலுவலகம் கொடுத்திருப்பது அந்தச் சிக்கன நிறுவனம் சவாரி செய்யும் தாய் நெட்வொர்க்கின் நேரடி இணைப்பு என்றும், தன்னுடைய கட்டணம் அதில் பாதிகூட இல்லை என்றும் சொன்னார். “ரெண்டும் ஒரே டவர்தான் மாமா, வித்தியாசமே கிடையாது” என்பதையும் சேர்த்துச் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்த ஆய்வையே எழுதுகிறேன் என்று சொல்லலாம்.

சொந்தமாக டவரும் அலைக்கற்றையும் இல்லாமல், பெரிய நிறுவனம் ஒன்றிடமிருந்து அழைப்பையும் டேட்டாவையும் மொத்த விலைக்கு வாங்கித் தன் பெயரில் சில்லறையாக விற்கும் இத்தகைய நிறுவனங்களை எம்விஎன்ஓ, அதாவது மெய்நிகர் நெட்வொர்க் நிறுவனம் என்பார்கள். பிரிட்டனில் 1999இல் விர்ஜின் மொபைல் இதைப் பெரிய அளவில் தொடங்கிவைத்தது. 2009இல் ஓ2 நெட்வொர்க்கின்மீது கிஃப்காஃப் வந்தது. அமெரிக்காவில் டி-மொபைலின் டவர்களில் மின்ட் மொபைல் ஓடுகிறது. 2024இல் டி-மொபைல் அதை வாங்கியும் விட்டது. விசிபிள் வெரைசனுக்கும், கிரிக்கெட் ஏடி அண்ட் டிக்கும் சொந்தமான சிக்கன அடையாளங்கள். இந்த நிகழ்வில் வரும் நிறுவனம் எது என்பது இங்கே தேவையில்லை. இப்படிப்பட்ட வணிகத்தின் இயல்பே பேசுபொருள். இவை எல்லாமே விளம்பரத்தில் ‘அதே டவர், அதே பரப்பு’ என்று சொல்வதில் பொய் ஏதும் இல்லை. டவர் ஒன்றுதான். டவருக்கு உள்ளே நடக்கும் பங்கீட்டைப் பற்றி அந்த விளம்பரம் வாய் திறப்பதில்லை, அவ்வளவுதான்.

அக்டோபர் 11ஆம் தேதி, புரட்டாசி நான்காம் சனி அதிகாலையில் நானே கல்லிடைக்குறிச்சிக்குப் போய் உட்கார்ந்தேன். தெருவில் கோயிலுக்குப் போகிறவர்களின் நடமாட்டம் இருந்தது. மதினியின் கைபேசியில் கோடுகள் நிறைந்திருந்தன. வீட்டில் வைஃபை கிடையாது, மொபைல் டேட்டாதான். ஆறு ஐம்பதுக்கு, ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தபடி, சென்னையிலிருக்கும் அவருடைய மகன் வீடியோ அழைப்பில் வந்தார். ஐந்து நிமிடத்தில் ஒரு சிணுக்கமும் இல்லை. ஏழு மணி கடந்ததும் டெக்சஸிலிருந்து மகளின் அழைப்பு வந்தது. மூன்றாவது நொடியில் படம் உறைந்தது. குரல், ஓலைக் குடிசைக்குள் மழை சொட்டுவதுபோல விட்டு விட்டு விழுந்தது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று இருந்தது. மகளுக்கோ அம்மாவின் முகம் தெளிவாகத் தெரிந்தது. அதாவது இங்கிருந்து அங்கே போன படம் கெடவில்லை. அங்கிருந்து இங்கே வந்த படம் மட்டுமே கெட்டது. அப்படியானால் பழுது, மகளின் கைபேசி டவரை நோக்கி அனுப்பும் மேல்வழியில் இருக்கலாம், அல்லது இங்குள்ள டவரிலிருந்து அம்மாவின் கைபேசிக்கு இறங்கும் கீழ்வழியில் இருக்கலாம். இந்த ஒரு தடயத்தால் மட்டும் இரண்டையும் பிரிக்க முடியாது. ஆனால் சென்னை மகனின் படம் பத்து நிமிடத்துக்கு முன்னால் அதே கீழ்வழியில்தான் பழுதின்றி இறங்கியது. கல்லிடைக்குறிச்சி அன்றைக்கே விடுதலையாகிவிட்டது.

அதே நேரத்தில் அங்கே, பார்வையாளர் வரிசையில் மகளும் மருமகனும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இருந்தார்கள். இருவரிடமும் ஒரே மாதிரி ஐபோன். இடைவேளைக்கு முன்பே இரண்டிலும் *3001#12345#* என்று அடித்து அழைக்கச் சொல்லியிருந்தேன். ஐபோனில் அது மறைந்திருக்கும் சோதனைத் திரையைத் திறக்கும். அந்தத் திரையின் படத்தை இருவரும் அனுப்பினார்கள். பற்றியிருந்த செல்லின், அதாவது டவரின் ஒரு பிரிவின், அடையாள எண் இரண்டிலும் ஒன்று. சிக்னலின் வலிமை ஒன்றில் கழித்தல் 84, மற்றதில் கழித்தல் 86 டெசிபல்-மில்லிவாட். இரண்டும் மிக நல்ல அளவுகள். இடையிலுள்ள வேறுபாடு கைபேசியைப் பிடிக்கும் கை மாறினாலே வரக்கூடியது. ‘அதே டவர்’ என்ற கூற்று எண்ணளவில் மெய்ப்பட்டது. இருந்தும் மருமகனின் கைபேசியிலிருந்து வந்த அழைப்பு ஓடியது. மகளின் கைபேசியிலிருந்து வந்தது நின்றது.

சிம்மை மாற்றிப் போட்டுப் பார்த்தால் முடிந்துவிடும் என்று எனக்கு முதலில் தோன்றியது. பழைய காலத்துப் புத்தி. அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் 14ஆம் வரிசை முதல் சிம் போடும் இடமே கிடையாது, எல்லாம் இ-சிம். ஆகவே அடுத்த வாரத்துக்கு வேறு வழியை யோசித்தோம். அக்டோபர் 18, ஐப்பசி முதல் தேதி. புரட்டாசிக் கூட்டம் என்ற பேச்சுக்கே இனி இடமில்லை. மகள் முதலில் தன் சொந்த டேட்டாவில் அழைத்தார், வழக்கம்போல உறைந்தது. உடனே தன் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, கணவரின் கைபேசியில் ஹாட்ஸ்பாட் போடச் சொல்லி, அதில் சேர்ந்து மறுபடி அழைத்தார். கைபேசி அதேதான், இருக்கை, மைதானம், டவர், கல்லிடைக்குறிச்சியில் எடுத்துப் பேசும் கைபேசி எல்லாம் அதேதான். மாறியது ஒன்றே ஒன்று: டேட்டா யாருடைய கணக்கில் டவருக்குள் நுழைகிறது என்பது. குழு உள்ளே வந்ததிலிருந்து வெளியேறியதுவரை படம் ஓடியது. மதினி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “அப்பாடா, கம்பு கீழ எறங்கிட்டு” என்றார்.

இது ஏன் நடக்கிறது என்பதை விளக்க எங்கள் ஆற்றைவிடப் பொருத்தமான உவமை எனக்குக் கிடைக்கவில்லை. தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள்; கோடைமேலழகியானில் தொடங்கி நதியுண்ணி, கன்னடியன் என்று இறங்கி மருதூர், ஸ்ரீவைகுண்டத்தில் முடிகின்றன. ஆறு நிறைந்து போகும் மாதங்களில் தலைமடையும் கடைமடையும் ஒன்றுதான். எந்த வயலைப் போய்ப் பார்த்தாலும் தண்ணீர் நிற்கும். ஆறு சுருங்கும்போதுதான் யார் தலைமடை, யார் கடைமடை என்பது தெரியும். கைபேசி டவரும் அப்படியே. நான்காம் தலைமுறை நெட்வொர்க்கில் டவர், நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு ஒருமுறை, அடுத்த கணத்தின் அலைவரிசைத் துண்டுகளை எந்தக் கைபேசிக்கு எத்தனை கொடுப்பது என்று முடிவெடுக்கிறது. 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஓர் அலைவரிசையில் அத்தகைய துண்டுகள் நூறு. ஞாயிறு காலையில் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து பேசுபவருக்குத் துண்டுகள் தாராளம். கேட்பவர் எல்லோருக்கும் கிடைக்கும். ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் கைபேசியை உயர்த்திப் பிடிக்கும் இடைவேளையில், கேட்பவர்களை வகை பிரித்து, முன்னுரிமை உள்ளவருக்கு முதலில் கொடுத்துவிட்டு, மிஞ்சுவதைத்தான் அடுத்த வகைக்கு டவர் கொடுக்கும்.

இந்த வகை பிரிப்புக்கு ஒரு பட்டியலே உண்டு. தொழில்நுட்பத் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் ஆவணத்தில் க்யூசிஐ என்ற பெயரில் 1 முதல் 9 வரையிலான அடிப்படை வகைகள் உள்ளன. 1 என்பது எல்டிஇ, அதாவது நான்காம் தலைமுறை நெட்வொர்க் வழியாகப் போகும் சாதாரணக் குரல் அழைப்பு. அதற்கென்று ஒரு குறைந்தபட்ச வேகம் ஒதுக்கப்படும். 5 என்பது அழைப்பை இணைப்பதற்கான கட்டுப்பாட்டுச் செய்திகளுக்கு உரியது. பட்டியலில் முதல் முன்னுரிமை அதற்குத்தான். 6 முதல் 9 வரை நாம் டேட்டா என்று சொல்லும் எல்லாமும். இந்த நான்கில் எண் ஏற ஏற முன்னுரிமை குறையும். ஐந்தாம் தலைமுறையிலும் 5க்யூஐ என்ற பெயரில் இதே ஏற்பாடு தொடர்கிறது. எந்த வாடிக்கையாளரை எந்த வகையில் வைப்பது என்பதைத் தாய் நெட்வொர்க் தீர்மானிக்கிறது. தன்னுடைய உயர் கட்டண வாடிக்கையாளரை மேலே வைத்து, மொத்த விலைக்கு விற்ற டேட்டாவைக் கீழே வைப்பது அமெரிக்காவில் வெளிப்படையான நடைமுறை. கடைமடைக்காரர் தூரத்தால் கடைசி; இங்கேயோ, பக்கத்துப் பக்கத்து வயல்களில் ஒன்று ஒப்பந்தத்தால் கடைசி. உவமை அந்த இடத்தில் முறிகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்தப் பட்டியலைப் படித்தால், மகள் குழம்பிப்போயிருந்த இன்னொன்றும் விளங்கும். இதே மைதானத்திலிருந்து, இதே சிக்கன சிம்மில், கார் நிறுத்தத்தில் இருக்கும் தோழிக்குச் சாதாரண அழைப்பு போட்டால் கணீரென்று கேட்கிறது. வாட்ஸ்அப்பில் பேசினால் மட்டும் அறுகிறது. அதனால் பழுது வாட்ஸ்அப்பில்தான் என்று அவர் ஒரு மாதமாக நம்பியிருந்தார். சாதாரண அழைப்பு முதல் வகையில் போகிறது. சிக்கன நிறுவனத்தின் வாடிக்கையாளருக்கும் அந்த வகை உண்டு. வாட்ஸ்அப் பேச்சோ நெட்வொர்க்கின் கண்ணுக்குப் பேச்சே அல்ல. அது பாட்டு, படம், செய்தித்தாள் போல வெறும் டேட்டா. பேச்சு என்று நாம் நினைப்பதும் பேச்சு என்று டவர் நினைப்பதும் வேறு வேறு.

மேல்வழி பற்றியும் ஒரு சொல். இணையத்தில் வேகம் பார்க்கும்போது எல்லோரும் பதிவிறக்க எண்ணைத்தான் பார்க்கிறார்கள். இப்போது அதிகம் பயன்படும் நடு அலைவரிசை 5ஜியில், இறக்கத்துக்கும் ஏற்றத்துக்கும் ஒரே அலைவரிசையை நேரம் பிரித்துக் கொடுக்கிறார்கள். நேரத்தின் பெரும்பங்கு இறக்கத்துக்கே போகிறது. சாதாரண நாளில் அது நியாயம். மக்கள் பார்ப்பதுதான் அதிகம், அனுப்புவது குறைவு. ஒரு விளையாட்டு மைதானத்தில் கணக்கு தலைகீழ். அங்கே எல்லோரும் தம் பிள்ளையைப் படமெடுத்து அனுப்புகிறார்கள். ஏற்கெனவே ஒடுக்கமான வாய்க்காலில் கூட்டம் மொத்தமும் இறங்குகிறது. கடைசி வகையில் இருப்பவரின் படம் அங்கேதான் நிற்கிறது. மகள் தன் கைபேசியில் அம்மாவைத் தெளிவாகப் பார்த்ததற்கும், அம்மா மகளைப் பார்க்க முடியாததற்கும் இதுவே விளக்கம்.

இந்த முன்னுரிமை எண் கைபேசித் திரையில் வராது. ஆனால் ஒப்பந்தத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி, 2024 ஏப்ரல் 10 முதல் பெரிய நிறுவனங்களும், அதே ஆண்டு அக்டோபர் 10 முதல் சிறிய நிறுவனங்களும், உணவுப் பொட்டலத்தில் சத்து விவரம் அச்சிடுவதைப் போல இணையத் திட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒரு விவரச் சீட்டு வெளியிட வேண்டும் என்று ஆக்கியிருக்கிறது. மகள் அனுப்பிய இரண்டு சீட்டுகளையும் எழுத்துக்கூட்டிப் படித்தேன். விலை, வழக்கமான வேகம், தாமதம் எல்லாம் முகப்பிலேயே இருந்தன. நெரிசல் நேரத்தில் இந்தத் திட்டத்தின் டேட்டா மற்றவர்களுடையதைவிட மெதுவாகலாம் என்ற ஒரு வரி மட்டும், நெட்வொர்க் மேலாண்மைக் கொள்கை என்ற சுட்டியை அழுத்தி உள்ளே போனால்தான் கண்ணில் படுகிறது. மறைக்கவில்லை என்று அவர்கள் சொல்வார்கள். கோயில் உண்டியலுக்குப் பின்னால் அறிவிப்புப் பலகை வைத்துவிட்டு மறைக்கவில்லை என்று சொல்வதைப் போன்றதுதான் அது.

கட்டண வேறுபாட்டுக்குப் பின்னால் வேறு சிலவும் உண்டு: தாய் நெட்வொர்க்கின் டவர் எட்டாத இடத்தில் பிற நிறுவனத்தின் டவரைப் பிடித்துக்கொள்ளும் உரிமை சிக்கனத் திட்டங்கள் பலவற்றில் குறைவு, நேரில் போய் முறையிடக் கடை இருக்காது. இந்த நிகழ்வில் அவை எதுவும் குறுக்கிடவில்லை.

எங்கள் பக்கத்துக்கு இது எவ்வளவு பொருந்தும் என்று பலர் கேட்டார்கள். இந்தியாவில் 2008இல் விர்ஜின் பெயர் வந்தபோது அது டாட்டா டெலிசர்வீசஸின் சேவைக்கு வைத்த பெயர்தான்; தனி மெய்நிகர் நிறுவனத்துக்கு அப்போது சட்டத்தில் இடமில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2015இல் பரிந்துரைத்து, மத்திய அரசு 2016 மே 31ஆம் தேதி உரிம நெறிமுறைகளை வெளியிட்ட பிறகே கதவு திறந்தது. தாய் நிறுவனமும் மெய்நிகர் நிறுவனமும் தங்களுக்குள் பேசி ஒப்பந்தம் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். அந்தச் செப்டம்பரிலேயே ஜியோ வந்து டேட்டா விலையைத் தரைமட்டமாக்கியது. மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் இடையில் காசு பார்க்கும் தொழிலுக்கு, சில்லறை விலையே அவ்வளவு கீழே போன ஊரில் என்ன மிஞ்சும்? இங்கே இத்தகைய நிறுவனங்கள் வேர்பிடிக்காததற்கு அதுதான் பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

முன்னுரிமை என்ற கேள்வி மட்டும் இங்கேயும் எழுந்தது. அதிகக் கட்டணம் செலுத்துவோருக்கு வேகத்தில் முன்னுரிமை என்று ஏர்டெல்லின் பிளாட்டினம் திட்டமும் வோடஃபோன் ஐடியாவின் ரெட்எக்ஸ் திட்டமும் விளம்பரப்படுத்தப்பட்டபோது, 2020 ஜூலையில் டிராய் அவற்றை நிறுத்திவைக்கச் சொல்லி, மற்ற வாடிக்கையாளரின் தரம் இதனால் குறையாதா என்று கேட்டது. அமெரிக்காவில் விவரச் சீட்டின் உள்மடிப்பில் ஒரு வரியாக முடிந்துபோகும் விஷயம், இங்கே விளக்கம் கேட்கும் அளவுக்குப் போனது.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போய், காட்டுக்குள் கைபேசி வேலை செய்யவில்லை என்று சொல்பவரின் குறை வேறு வகை. மலை மறைத்து, டவர் தொலைவில் இருந்து, சிக்னலே எட்டாத இடத்தில் தாய் நெட்வொர்க்கும் சிக்கன நிறுவனமும் சேர்ந்தே ஊமையாகும். எந்தக் கட்டணமும் அங்கே உதவாது. ஆனித் தேரோட்டத்தன்று நெல்லையப்பர் கோயில் ரதவீதியில், கோடு நிறைந்திருந்தும் படம் போகாமல் நிற்பது நெரிசல். ஒரு சிக்கன சிம்மை வாங்கி, வீட்டு முற்றத்தில் காலை பத்து மணிக்கு வேகம் பார்த்துவிட்டு, தாய் நெட்வொர்க்குக்குச் சமம் என்று தீர்ப்புச் சொல்பவர் இந்த இரண்டில் எதையும் சோதிக்கவில்லை. ஐப்பசி மழையில் கால்வாயைப் பார்த்துவிட்டுக் கடைமடை நிலத்துக்கு விலை பேசுவது அது.

மகளிடம் இணைப்பை மாற்றச் சொல்லவில்லை. வாரத்துக்கு ஏழு நாளில் ஆறரை நாள் அவருடைய சிக்கன சிம் தாய் நெட்வொர்க்குக்குச் சற்றும் குறையாமல் உழைக்கிறது. வீட்டிலும் அலுவலகத்திலும் வைஃபை இருக்கிறது. மிச்சமாகும் பணம் ஆண்டுக்கு ஒரு நல்ல தொகை. மீதி அரை நாளுக்குக் கணவரின் ஹாட்ஸ்பாட் போதும். தனியாக இருப்பவர், வண்டி ஓட்டிக்கொண்டே வேலை பார்ப்பவர், நெரிசலான நகர மையத்தில் டேட்டாவை நம்பிப் பிழைப்பவர் என்றால் என் பதில் மாறியிருக்கும். அவர்களுக்குச் சில சிக்கன நிறுவனங்களே கூடுதல் கட்டணத்தில் முன்னுரிமை டேட்டா விற்கின்றன, அதை வாங்கலாம்.

நவம்பர் 8ஆம் தேதி கடைசி ஆட்டம். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளியிருந்தார்கள். அதை மதினிக்குச் சொல்ல எல்லோரும் மறந்துவிட்டோம். ஏழு மணிக்கே காபியோடு உட்கார்ந்தவர், அழைப்பு வராததைக் கண்டு எனக்குப் போன் போட்டார். எட்டு மணிக்கு மேல் அழைப்பு வந்தது, ஹாட்ஸ்பாட் வழியாகத்தான். அன்று கூட்டம் மிக அதிகமாம்; இடைவேளையின் நடுவில் அதுவும் இரண்டு நிமிடம் திக்கியது. “என்ன அண்ணாச்சி, தலைமடையிலயும் தண்ணி இல்லையா?” என்றார் மதினி. ஆறே வற்றினால் தலைமடை என்ன செய்யும் என்றேன். அன்று மாலையே அம்பாசமுத்திரம் கடைத்தெருவில், மாற்றிவிடலாமா என்று ஒரு மாதத்துக்கு முன் கேட்ட அதே பழைய எண்ணுக்கு 84 நாள் ரீசார்ஜ் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.